வசந்தே என்றொரு மூங்கில்

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கஸ்தூரி அம்மாள் உட்கார்ந்துவிட்டார். காபி டம்ளரைக் காலடியில் வைத்தார். கண்ணை மட்டும் எங்களிடமிருந்து எடுக்கவில்லை.

“தோண்டுங்க. ஆனா எது கெடச்சாலும் எங்களுது,” என்றார்.

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“கெழங்குதாங்க கெடைக்கும். மூங்கில் கெழங்கு,” என்றேன்.

“தோண்டறதுக்கு மின்னாடி எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க.”

ஆவணி மாதம். முதல் நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அறை விடுகிற வீட்டின் பின்புறம் அது. எங்கள் முன்னால் மாடி உயரத்துக்கு ஒரு மூங்கில் புதர். பாதிக் கழிகள் காய்ந்து வெளுத்து நின்றன. பாதி பச்சையாக இருந்தன. இடுப்பளவு உயரத்தில் யார் யாரோ கட்டிவிட்டுப் போன மஞ்சள் துணிகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த மூங்கிலுக்கு என் பெயரை வைத்திருந்தார்கள். அப்படி ஒரு மூங்கில் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கத்தான் கடப்பாரையோடு வந்திருந்தோம்.

சந்தேகப் பிராணி

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் பழகியிருக்கும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெயர் வசந்தா. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். அப்பா விதைக்கடலை வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கடைக்காரர் மூட்டையின் மேலாக இருப்பதை அள்ளிக் காட்டுவார். நான் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து உடைத்துப் பார்ப்பேன். “உம் பொண்ணு போலீஸ் வேலைக்குத்தான் போவும்,” என்பார் கடைக்காரர். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை.

கிடைத்த வேலையும் இந்தப் புத்திக்குத் தோதாக அமைந்தது. எங்கள் மாணவர்கள் செடிகளைப் பறித்து, காயவைத்து, அட்டையில் ஒட்டி வருஷக் கடைசியில் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் சீனியரிடம் வாங்கியதை உரித்துப் புது அட்டையில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். நான் முகர்ந்தே சொல்லிவிடுவேன். ஒரே துளசி மூன்று வருஷமாக மூன்று பேர் பெயரில் வந்ததைப் பிடித்திருக்கிறேன். பூச்சி கடித்த ஓட்டை இலையில் அதே இடத்தில் இருந்தது.

“கல்யாணத்தன்னைக்கே தாலி கெட்டித் தங்கமான்னு ஒரசிப் பாத்தவதானே நீ,” என்பார் வீட்டுக்காரர். உரசவில்லை. கையில் வைத்துக் கனம் பார்த்தேன், அவ்வளவுதான்.

பூத்த புதர்

தீபக் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிற தை மாதத்தில் அந்தப் புதரை முதலில் பார்த்தேன். பௌர்ணமிக்கு வரப்போகும் என் தங்கை குடும்பத்துக்கு அறை பார்க்கப் போயிருந்தேன். அறையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால், எதிரே மூங்கில் பூத்திருந்தது.

மூங்கில் பூப்பது லேசில் பார்க்கக் கிடைக்கிற காட்சி இல்லை. இனத்துக்கு இனம் கணக்கு மாறும். சிலது முப்பது, நாற்பது வருஷம் சும்மா நின்றுவிட்டு ஒரே ஒரு தடவை பூக்கும். விதை விட்டதும் மொத்தப் புதரும் செத்துப்போகும். பூ இல்லாமல் ஒரு மூங்கிலை இன்னது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மூங்கில் பூவைப் பார்த்தால் சோற்றை மறந்துவிடுவார்கள். நான் அறை வாடகையைக் கேட்க மறந்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

கஸ்தூரி அம்மாள்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர். கணவர் தவறிப்போன பிறகு அறைகளைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். நான் பையிலிருந்து டேப்பை எடுத்ததைப் பார்த்ததும் படி இறங்கி வந்தார்.

“இன்னாத்துக்கு மேடம் அளக்கறீங்க? தாலுகா ஆபீஸா?”

“இல்லீங்க, காலேஜு.”

“காலேஜுல எதுக்கு எங்க எடத்த அளக்கறாங்க?”

“எடத்த அளக்கலீங்க. கழியத்தான் அளக்கறேன்.”

அவர் நம்பவில்லை. போனை எடுத்து என்னை ஒரு படம் பிடித்து, சென்னையில் இருக்கிற மகனுக்கு அனுப்பிவைத்தார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

புதரை வெட்டிவிட அவர் ஏற்கனவே ஆள் சொல்லி வைத்திருந்தார். பாடை கட்டுகிற மரத்தை வீட்டில் வைத்திருக்கிறாயே என்று சொந்தக்காரர்கள் ஓயாமல் முகம் சுளிப்பார்களாம். இப்போது அது பூக்கவும் செய்துவிட்டது, குடும்பத்துக்கு ஆகாது என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு வாரம் தவணை கிடைத்தது.

அந்த வாரத்துக்குள் பௌர்ணமி வந்தது. கிரிவலம் போன யாரோ வழி தவறிச் சந்துக்குள் நுழைந்து, பூத்த மூங்கிலைப் பார்த்துக் கும்பிட்டு ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். கஸ்தூரி அம்மாள் வெட்டுவதைத் தள்ளிப்போட்டார். அடுத்த பௌர்ணமிக்கு நிறையத் துணிகள் சேர்ந்துவிட்டன. அடியில் ஒரு சித்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவர் சொல்ல, அதைப் பத்துப் பேர் திருப்பிச் சொன்னார்கள். கஸ்தூரி அம்மாள் வெட்ட வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“தெரியாம இத்தினி நாளு இதுல துணி காயப்போட்டுட்டேன் மேடம்,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போளூர்க்காரன்

சந்திரன் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன், போளூர்க்காரன். மேற்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் மூங்கிலைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் காலம் தள்ளுகிறவன். படம் அனுப்பினேன். அடுத்த வாரமே பஸ் ஏறி வந்துவிட்டான்.

வந்தவன் பூவைப் பிய்த்து லென்ஸில் பார்த்தான். பிறகு புதரின் அடியில் கிடந்த உறைகளைப் பொறுக்கினான். மூங்கில் குருத்து மண்ணைப் பிளந்து வரும்போது அதைச் சுற்றி உறை இருக்கும். கழி வளர வளர உறை உதிர்ந்துவிடும். ஆளை ஆதார் அட்டையில் பார்ப்பது மாதிரி, மூங்கிலை உறையில் பார்ப்போம்.

பூ ஏறக்குறைய கல் மூங்கில் பூ மாதிரியே இருந்தது. செங்கம் பக்கத்துக் காடுகளில் கண்ட இடத்திலெல்லாம் நிற்கிற சாதாரண மூங்கில் அது. ஆனால் கல் மூங்கிலின் உறை முழுக்கச் சுணை, தொட்டால் அரிக்கும். இந்த உறை வழவழவென்று இருந்தது. உறையின் நுனியில் இரண்டு பக்கமும் சுருள் சுருளாகக் காது மாதிரி மடிப்பு வேறு. அப்படிப்பட்ட பூவும் இப்படிப்பட்ட உறையும் ஒரே மூங்கிலில் சேர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

“வசந்தா, இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல,” என்றான். கஸ்தூரி அம்மாள் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னான்.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏன் என்று சொல்ல வேண்டும். எந்தச் செடியின் லத்தீன் பெயருக்குப் பின்னாலும், அதை முதன்முதலில் விவரித்து எழுதியவர் பெயர் நிற்கும். அந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி எழுதியே எனக்குத் தலை நரைத்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு தடவை என் பெயர் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிய பதவிக்கோ பங்களாவுக்கோ நான் ஆசைப்பட்டதில்லை. இதற்கு மட்டும் ஆசைப்பட்டேன்.

அப்போதே ஒன்று உறுத்தியது. பூத்திருந்த கழிகளில் இலையே இல்லை. இலை இருந்த கழிகளில் பூ இல்லை.

“பூக்கற மூங்கில் எல கொட்டும். இதுகூடவா உனக்குத் தெரியாது?” என்றான் சந்திரன்.

தெரியும். கொட்டும்தான். சரி என்று விட்டுவிட்டேன், மனசு மட்டும் விடவில்லை. அவன் இலையைக் கொண்டுபோய் டி.என்.ஏ. சோதனைக்குக் கொடுத்தான். எந்த மூங்கிலோடும் சரியாகப் பொருந்தவில்லை என்று முடிவு வந்தது. போனில் அவன் குரல் குதித்தது.

கண்ணே, மணியே, வசந்தே

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டான்.

“பேரு வெச்சி கட்டுரைய அனுப்பியாச்சு வசந்தா.”

“இன்னா பேரு?”

“உன் பேருதான். வசந்தே.”

லத்தீனில் ஒரு பெண்ணின் பெயரைச் செடிக்கு வைத்தால் கடைசியில் ‘ஏ’ வரும். வசந்தாவின் மூங்கில் என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“கண்ணே, மணியே, வசந்தேன்னு இல்ல கீது,” என்றார் வீட்டுக்காரர். “உன் ஃப்ரெண்டு லத்தீன்ல கூப்புடறானா, தமிழ்ல கூப்புடறானா? அத மொதல்ல கேளு.”

இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. தங்கையிடம் சொன்னேன், காய்கறிக்காரரிடம்கூடச் சொன்னேன். மூன்றாம் நாள் அரிசி களையும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தான் விவரிக்கிற செடிக்குத் தானே தன் பெயரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் கேலிக்கு ஆளாவார்கள். செடிக்கு வசந்தே என்று பெயர் வைத்துவிட்டால், அதை விவரித்தவர்கள் வரிசையில் வசந்தா நிற்க முடியாது. ஈரக் கையோடு போனை எடுத்தேன்.

“கட்டுரைல ஆத்தர்னு யார் யாரு பேரு கீது?”

“நானு. என் ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேரு.”

“நானு?”

“நீதான் பேர்லயே கீறியே.”

“கண்டுபுடிச்சது நானு, சந்திரா.”

“அதனாலதான உன் பேரு. பேரும் உன்னுது, ஆத்தரும் நீன்னா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க? இதுக்கு மேல இன்னா மரியாதை செய்ய முடியும்?”

மாலை போட்டுப் பந்தலுக்கு வெளியே உட்காரவைத்த மாதிரி இருந்தது. வெளியே ஒன்றும் சொல்லவும் முடியாது. உன் பெயரையே வைத்திருக்கிறார்கள், இன்னும் என்ன வேண்டும் என்பார்கள். தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா? அவனோடு படித்த காலத்தையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். பரீட்சைக்கு முதல் நாள் என்னிடம் நோட்ஸ் வாங்கிப் போனவன், அதைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தவனும்கூட. ஒரு பக்கமும் சாய முடியவில்லை.

“நெஜமாவே மரியாதைக்குத்தான் பண்ணிருப்பான்,” என்றார் வீட்டுக்காரர். அவர் எல்லோரையும் நம்புவார். அதனால்தான் வீட்டில் இரண்டு மிக்ஸி ரிப்பேராகிக் கிடக்கிறது.

வரக்கூடாத குருத்து

ஆவணியில் ஒரு மழைக்குப் பிறகு புதரைப் பார்க்கப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. என் பெயர் வைத்த செடியைக் கோபத்தோடு ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

காய்ந்த கழிகளுக்கு நடுவில், மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு குருத்து மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. வழவழப்பான உறை, இரண்டு பக்கமும் சுருட்டைக் காது.

நான் அங்கேயே குந்திவிட்டேன். பூத்துச் சாகிற மூங்கில் குருத்து விடாது. இருக்கிற சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச்சேரும். இந்நேரம் மொத்தப் புதரும் காய்ந்திருக்க வேண்டும். பாதி ஏன் பச்சையாக இருக்கிறது? குருத்து எங்கிருந்து வந்தது?

தையில் உறுத்தியது அப்போது முழுசாக வெளியே வந்தது. இது ஒரு மூங்கில் இல்லையோ? என்றைக்கோ பக்கத்தில் பக்கத்தில் முளைத்த இரண்டு மூங்கில்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே புதராகத் தெரிகின்றனவோ? பூ ஒன்றினுடையது. இலையும் உறையும் மற்றொன்றினுடையது. ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் ஒட்டிப் படம் போட்ட மாதிரி, இல்லாத ஒரு மூங்கிலைச் சேர்த்து வைத்து அதற்கு என் பெயரைச் சூட்டியிருக்கிறோமோ? சோதனைக்குப் போனதும் இலைதானே.

கழியை வெட்டிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். கல் மூங்கில் உள்ளே கெட்டியாக இருக்கும். ஆனால் தண்ணீர் ஜாஸ்தியானால் அதற்கும் பொந்து விழும். இங்கே ஏழெட்டு அறைகளின் குளியல் தண்ணீர் அந்தப் புதருக்குத்தான் போகிறது. மண்ணுக்கு அடியில் கிழங்கு எதோடு எது சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

கோபம் இல்லாமல் இருந்திருந்தால் தோண்டியிருப்பாயா என்று பின்னால் என்னையே கேட்டுக்கொண்டேன். தோண்டியிருப்பேன். ஆனால் அந்த வாரமே தோண்டியிருக்க மாட்டேன்.

கஸ்தூரி அம்மாள் முடியாது என்றார். சித்தர் இருக்கிற இடம் என்றார். புதையலுக்குத்தானே இத்தனை மாசமாகச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்றும் கேட்டுவிட்டார். வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொன்னேன்.

“இந்த மூங்கிலுக்கு என் பேர வெச்சிருக்காங்கம்மா. அதுல தப்பு இருக்குமோன்னு பயமா கீது. பாத்தாத்தான் தெரியும்.”

அவர் முகம் மாறியது.

“பேர்ல தப்பா? அத உடக்கூடாது மேடம். பட்டாவுல எங்க வூட்டுக்காரர் பேரு ஒரு எழுத்து மாறி ஏறிப்போச்சு. அத்த திருத்தறதுக்குள்ள அவரே போய்ச்சேந்துட்டாரு.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “தோண்டுங்க. நான் பக்கத்துலயே குந்திக்கறேன்.”

எது கிடைத்தாலும்

அப்படித்தான் அந்தச் சிவப்பு நாற்காலி வந்தது.

என் வீட்டுக்காரர் கடலைக் கொல்லையில் வளர்ந்தவர். ஆனாலும் மூங்கில் கிழங்கு அவரை ஒரு வழி பண்ணிவிட்டது. கடப்பாரை போட்டால் எகிறி வந்தது. மம்மட்டியால் மேல் மண்ணை இழுத்து, கையால் வாரி, குடத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுபடி வாரினோம். மத்தியானம் கஸ்தூரி அம்மாள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே தயிர்சாதம் பிசைந்தார்.

சாயங்காலம் வெயில் சாயும்போது குருத்தின் அடிக்கிழங்கு முழுசாகத் தெரிந்தது. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். காய்ந்த கழியின் கிழங்கை ஒட்டி உரசிக்கொண்டு வளைந்தது. சேரவில்லை. அதன் அடியில் நுழைந்து மறுபக்கம் போய், பச்சைக் கழியின் கிழங்கில் போய் முடிந்தது. இன்னொன்றைத் தொடர்ந்தேன். அதுவும் பச்சையிலிருந்து பச்சைக்குத்தான் போயிற்று. காய்ந்தது காய்ந்ததோடு. இரண்டும் கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி பின்னிக் கிடந்தன. எங்கேயும் ஒட்டவில்லை.

நான் நினைத்தது சரி என்று முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. அப்புறம்தான் மீதி உறைத்தது. பூத்துச் செத்தது வெறும் கல் மூங்கில். வசந்தே என்று ஒரு மூங்கில் உலகத்தில் எங்கேயும் இல்லை.

“ஒண்ணும் கெடைக்கலியா?” என்றார் கஸ்தூரி அம்மாள்.

“கெடச்சிதுங்க. ரெண்டு மூங்கிலு.”

“ரெண்டு மூங்கிலு மட்டுந்தானா?” எழுந்து வந்து குழிக்குள் நன்றாக எட்டிப் பார்த்தார்.

சேற்றுக் கையோடு சந்திரனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆத்தர்ல உன் பேரு இல்லன்னுதான வசந்தா இதெல்லாம்?” என்றான்.

கையிலிருந்த போனைக் குழிக்குள் வீசியெறியலாம் போல இருந்தது. “வந்து பாரு,” என்று சொல்லி வைத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவள் ஒருநாள் கையில் அத்தாட்சியோடு பேசினால், அன்றைக்கு அவளையே சந்தேகப்படுகிறார்கள்.

வெட்டுக்காயம்

மறுநாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஆட்டோவில் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. குழியை மூடியிருந்த சாக்கை விலக்கி, பேண்ட் சேறாவதைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்கினான்.

கிழங்கு கிழங்காகத் தண்ணீர் ஊற்றித் துடைத்தான். விரலால் தடவினான், லென்ஸ் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவன் இரண்டும் எங்கே சேர்கிறது என்று தேடவில்லை. நான் எங்கேயாவது வெட்டிப் பிரித்திருக்கிறேனா என்று தேடினான். கத்தி பட்ட அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

அதுதான் வலித்தது. முந்தின நாள் போனில் சொன்னதுகூட அப்படி வலிக்கவில்லை.

கஸ்தூரி அம்மாளுக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு குழி விளிம்புக்கே வந்தார்.

“இன்னா தம்பி தேடறீங்க? கத்தி கித்தி ஒண்ணும் எடுக்கல இவங்க. காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் நான் இங்கியேதான் குந்தினு இருந்தேன். கண்ணக்கூட மூடல.”

சந்திரன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அப்படியே குழிக்குள் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

“கல் மூங்கிலுதான்,” என்றான். “தண்ணி ஜாஸ்தியா குடிச்சி பூ கொஞ்சம் பெருசாயிடுச்சி. நான் அதப் போய்…”

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போன் பண்ணி, அனுப்பியிருந்த கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினான். பேசி முடித்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தேற்ற வேண்டும் போலவும் இருந்தது, திட்ட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கஸ்தூரி அம்மாள் கொடுத்த காபியை வாங்கி அவனிடம் நீட்டினேன்.

“உன்னத் தள்ளி உடறதுக்குத்தான் உன் பேர வெச்சேன்னு நெனச்சியா?” என்றான்.

“ஆமா.”

“இப்பவும்?”

“தெரியல சந்திரா.”

அவன் தலையாட்டினான். கை கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். அதன் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் பேசவில்லை.

பச்சையாக நிற்பது

காய்ந்த கழிகளை வெட்டி எடுத்துவிட்டார்கள். மஞ்சள் துணிகளைக் கஸ்தூரி அம்மாள் அவிழ்த்துப் பச்சைக் கழிகளில் கட்டினார். சித்தருக்கு எந்த மூங்கிலாக இருந்தாலும் சரிதான் போல.

அந்தப் பச்சை மூங்கில் உண்மையிலேயே புதிதாக இருக்கலாம். அதன் உறை எதிலும் இல்லை, இலை எதோடும் பொருந்தவில்லை. ஆனால் அதன் பூவை யாரும் பார்த்ததில்லை. பூ இல்லாமலே பெயர் வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தடவை பட்ட பிறகு அந்தத் தைரியம் எனக்கு இல்லை. அது பூக்க எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இருபதோ, முப்பதோ, நாற்பதோ. நான் மாதம் ஒருமுறை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

போன பங்குனியில் அப்படிப் போனபோது கஸ்தூரி அம்மாள் சொன்னார்: “உங்க ஃப்ரெண்டும் போன் பண்ணிக் கேட்டுனேதான் கீறாரு, பூத்துச்சா பூத்துச்சான்னு.”

எனக்குச் சுரீர் என்றது. நம்பர் எப்போது வாங்கினான்? என்னைத் தாண்டி ஏன் கேட்கிறான்?

“பூத்தா யாருகிட்ட சொல்லச் சொன்னாரு?”

“உங்ககிட்டதான். மேடத்துக்கு மொதல்ல சொல்லுங்க, அவங்க சொல்லி நான் தெரிஞ்சிக்கறேன்னாரு.”

அன்றைக்குச் சாயங்காலம் நானே சந்திரனைக் கூப்பிட்டேன்.

“பூக்கல,” என்றேன்.

“தெரியும். காலையிலதான் அந்தம்மாகிட்ட கேட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவனுடைய பெண் காலேஜ் சேர்ந்ததைச் சொன்னான். என் முட்டி வலியைச் சொன்னேன். வைக்கப் போகும்போது, “வசந்தா, அது பூத்தா ஆத்தர்ல நீதான் மொதல்ல. என் பேர ரெண்டாவதா போட்டாப் போதும். மூங்கிலுக்கு நம்மூரு பேர வெச்சிக்கலாம்,” என்றான்.

எங்கள் இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அது பூக்கிற அன்றைக்கு நானோ அவனோ இருப்போம் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரமே பூக்கிற செடியாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பானா? கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது.

“சரி,” என்றேன். என் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட சந்தேகம் அது ஒன்றுதான்.